உட்கார்ந்து பார்க்கத் தெரியாதவள்

அன்றைக்கு நான் எதற்காக எழுந்தேன்?

மூன்று வருஷமாக இதே கேள்வி. மாவு அரைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வந்து நிற்கிறது. ஒரு நாள் ஒரு பதில் தோன்றும். அப்பாடா, இதுதான் என்று இருப்பேன். மறுநாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே பருப்பு இருக்காது.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஆறு கோடுகள். ஐந்து கோடுகளில் ஐந்து பிள்ளைகள். ஆறாவது கோட்டில் என் மகள் வளர்மதி, அவள் பக்கத்தில் நான். என் புடவைக் கரையெல்லாம் வெள்ளை. போட்டியைப் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் போட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது.

நானும் பார்க்க வந்தவள்தான். அதைத்தான் எரிச்சலோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு

வளர்மதிக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, கூடவே இடது காலும் தளர்ந்துபோனது. இளம்பிள்ளைவாதம். ஐந்து வயதிலிருந்து காலிபர் போட்டுக்கொண்டு நடக்கிறாள். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு கம்பிகள், நடுவில் தோல் பட்டை, முழங்காலில் ஒரு பூட்டு. உட்காரும்போது பூட்டைத் தூக்கிவிட வேண்டும். எழுந்து நிற்கும்போது அதுவே ‘டக்’ என்று விழும். எங்கள் வீட்டில் எந்த அறையிலிருந்து அந்த ‘டக்’ கேட்டாலும் என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

காலிபருக்கு அளவு கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அது உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உடைந்தது. மறுபடியும் நான்கு மாதமா என்று நான் தலையில் கை வைத்தபோது, என் வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் தொங்கவிட்டுத் தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. லாரிக் கதவுக்கு அடிக்கிற ரிவெட்டை அடித்துச் சாயங்காலமே கொண்டுவந்துவிட்டார்.

“இனி லோடு ஏத்தினாலும் தாங்கும். ஹாரன் ஒண்ணுதான் வெக்கலை,” என்றார்.

வளர்மதி அன்று முழுவதும் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே நடந்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லாரி ரிவெட் பிள்ளையின் தொடையில் உரசினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது

ஊனமுற்றோருக்கென்று ஓர் ஆண்டை உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள் என்று ரேடியோவில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. காலிபர் செய்கிறவர் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். சேலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விளையாட்டுப் போட்டி. சுற்று வட்டாரப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். சும்மா கூட்டி வந்து காட்டுங்கள் என்றார்.

அப்போது வளர்மதிக்கு எட்டு வயது. நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “காலிபர் போட்டுட்டு ஓடுவாங்களாம்மா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு தடவை கேட்டாள். சரி, பார்த்துவிட்டு வரலாம் என்றேன். பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

என் மாமனாரிடம் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் சேலம் போக முடியாது. நல்ல மனிதர். பேத்தி நடந்து வரும் வழியில் ஒரு கல் கிடந்தால் குனிந்து எடுத்துப் போடுவார். ஆனால் அவர் யோசிக்கும் விதமே வேறு.

“போறதுன்னா போ அம்மிணி. ஆனா வெறுங்கையாப் போகாதே.”

“போட்டி பாக்கத்தானே மாமா போறோம்?”

“அங்க வர்ற புள்ளைங்களுக்கு ஏனம் பாத்திரம், துணிமணின்னு என்னத்தையாச்சும் குடுப்பாங்க. நம்ம புள்ளையும் காலிபரோட நின்னா அது கையிலயும் ஒண்ணைக் குடுத்துருவாங்க. நம்ம ஊட்டுப் புள்ளை கை நீட்டி வாங்குச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். குடுக்கறவங்களாப் போயிட்டா அந்தப் பேச்சுக்கே எடமில்லை பாரு.”

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டுப் போட்டிக்கு என்ன சீர் கொண்டுபோவது? மாமனாருக்கு அதில் குழப்பமே இல்லை. வயலில் அப்போதுதான் கடலைக்காய் பிடுங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய அண்டாவில் போட்டு உப்புப் போட்டு அவித்து, ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டார்.

நான் புகுமுக வகுப்பு வரை படித்தவள். அவித்த கடலைக்காய் ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்றோ, வடிகட்டாமல் சாக்கில் கட்டக் கூடாது என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர் சொன்னால் சரி என்று இருந்துவிடுவது என் பழக்கம். அப்புறம் இரண்டு நாள் உள்ளுக்குள் பொருமுவதும் என் பழக்கம்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. ஒரு லாரி திங்கட்கிழமை வெளியே போக வேண்டுமாம். வருஷம் முழுவதும் எந்த லாரியாவது ஒரு திங்கட்கிழமை போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பாவாடையும் மூட்டையும்

அந்தப் பயணத்துக்கென்று ஒரு புதுப் பாவாடை தைத்தேன். அரக்கு நிறம். வளர்கிற பிள்ளைக்கு உள்ளே மடிப்பு வைத்துத் தைப்பார்கள், வருஷத்துக்கு ஒரு மடிப்பு பிரித்துவிடலாம் என்று. நான் மடிப்பே வைக்கவில்லை. முழு நீளத்துக்கும் விட்டிருந்தேன். பூட்ஸின் நுனி தவிர எதுவும் தெரியாது. ‘கம்பி வெயிலில் சுடும், அதற்காகத்தான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மூட்டையிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ராசிபுரம் வருவதற்குள் எங்கள் சீட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால்.

“ஏனுங்க, யாரு மூட்டைங்க இது? தண்ணி உடுதுங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வளர்மதி, “எங்களுதுங்க. கடலைக்காய்ங்க. போட்டிக்கு வர்ற புள்ளைங்களுக்கு,” என்று சத்தமாகச் சொன்னாள்.

“அப்படிங்களா சாமி? கண்டக்டருக்கு இல்லைங்களா?” என்று அவர் கையை நீட்டினார். இரண்டு கை அள்ளிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலைப் பற்றி அவர் பேசவில்லை.

பெரிய மனிதரின் விசில்

ஒன்பதரைக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தபோது பதினொன்றரை. அதுவரை பிள்ளைகள் வரிசையாக வெயிலில் நின்றார்கள். நிற்க முடியாத பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சாமியானாவின் கீழே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, அவை பெரியவர்களுக்காம்.

நாங்கள் மூட்டை கொண்டுவந்தவர்கள் என்பதால் எங்களை அந்த நிழலில், முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். என் மகள் வயதுப் பிள்ளைகள் எதிரே வெயிலில். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கேட்கலாமா என்று இரண்டு தடவை புடவையைச் சரிசெய்தேன். எழவில்லை. எழ வேண்டிய இடத்தில் எழவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நாற்பது நிமிஷம். “பாவப்பட்ட குழந்தைகள்” என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். பேசி முடித்த பெரிய மனிதரிடம் முதல் போட்டியைத் தொடங்கி வைக்கச் சொல்லி ஒரு விசிலைக் கொடுத்தார்கள். அவரும் கன்னம் உப்ப ஊதினார். பிள்ளைகள் அசையவில்லை. மறுபடி ஊதினார். முகம் சிவக்க மூன்றாம் முறையும் ஊதினார்.

கோட்டில் நின்றது காது கேளாத பிள்ளைகள்.

டிரில் மாஸ்டர் ஓடி வந்து, “ஐயா, கைக்குட்டைங்க, கைக்குட்டையைக் கீழ போடணுங்க,” என்று காதில் சொன்னார். கைக்குட்டை விழுந்ததும் பிள்ளைகள் சிட்டாகப் பறந்தார்கள். பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை ஓடிக்கொண்டே சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்தது பார்வையில்லாத பிள்ளைகளின் ஓட்டம். எல்லைக் கோட்டில் அவர்களின் டீச்சர் நின்று கை தட்டுவார். அந்தச் சத்தத்தை நோக்கி ஓடி வர வேண்டும். அதனால் பார்க்கிறவர்கள் யாரும் கை தட்டக் கூடாது என்று மைக்கில் சொன்னார்கள். அத்தனை பெரிய கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. ஒரு ஜோடிக் கையின் சத்தமும் பிள்ளைகளின் காலடிச் சத்தமும் மட்டும். பார்க்கிறவர்களுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது, சும்மா இருக்கிற வேலை. என்னால் அன்று ஒழுங்காகச் செய்ய முடிந்தது அந்த ஒன்றைத்தான்.

“உனக்கு எந்தக் காலு?”

மதியம் கடலைக்காய் கொடுக்கும் நேரம். “நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு நல்ல குடும்பத்தார் பிள்ளைகளுக்காக அன்போடு வழங்குகிறார்கள்,” என்று மைக்கில் சொன்னார்கள். பாப்பா கையால் கொடுக்கட்டும் என்று வளர்மதியை மேஜைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நீளப் பாவாடை. மேஜை வேறு. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவளைப் போலவே காலிபர் போட்ட பிள்ளைகளும் கட்டை ஊன்றிய பிள்ளைகளும் வரிசையில் வந்து அவளிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அவளும் ஆளுக்கு ஒரு படி அளந்து கொடுத்தாள். மாமனார் பார்த்திருந்தால் மகிழ்ந்து போயிருப்பார். அவர் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நான் மட்டும் நீண்டு வந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் மறுபடி எழுந்தாள். ‘டக்.’

வரிசையில் நின்ற ஒரு பெண் சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பத்து, பதினொரு வயதிருக்கும். இரட்டைப் பின்னல், முட்டி வரைக்கும் கவுன், வலது காலில் காலிபர். ஜலகண்டாபுரத்துப் பெண், பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது.

“உனக்கு எந்தக் காலு?”

“இடது.”

“எனக்கு வலது. ரிவெட்டு புதுசா இருக்குதே, எங்க அடிச்சது?”

“எங்கப்பா லாரிப் பட்டறையில.”

“அய்யோ, நல்லா கெட்டியா இருக்குது! அப்பறம் ஏன் அந்தப் பக்கம் நிக்கற? இந்தப் பக்கம் வா.”

நான் குறுக்கே விழுந்தேன். “நாங்க போட்டி பாக்க வந்தவங்க கண்ணு.”

சரோஜா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பாக்கறதுக்கு எதுக்குங்க பூட்ஸு?” என்று கேட்டுவிட்டுக் கடலைக்காயை வாங்கிக் கவுனில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அஸ்தம்பட்டியில் என் அம்மா வீட்டில் தங்கினோம். வளர்மதி வாசலில் குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தாள். வாயால் எண்ணிக்கொண்டே போனாள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து, “சும்மா உக்காரு, கால் வலிக்கும்,” என்றேன். பிள்ளை எதற்காக எண்ணுகிறாள் என்று படித்த தாய்க்கு உறைக்கவில்லை.

நான் ஓடாத ஓட்டங்கள்

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். என் பள்ளிக்கூட நாட்களில் நான் ஒரு ஓட்டத்திலும் ஓடியதில்லை. விளையாட்டு விழா வரும்போதெல்லாம் அப்பா டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதுவார்: ‘என் மகளுக்குத் தலைசுற்றல் இருப்பதால்…’ எனக்குத் தலை சுற்றியதே இல்லை. வயசுக்கு வரப்போகிற பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு பேர் முன்னால் ஓடுவதாவது என்று அவருக்கு எண்ணம்.

நான் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருப்பேன். அது எனக்குக் குறையாகவும் படவில்லை. இரண்டு நல்ல கால்களை வைத்துக்கொண்டு பத்து வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பார்ப்பது எனக்குக் கை வந்த கலை என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

ஆறாவது கோடு

ஞாயிற்றுக்கிழமை கடலைக்காய் மூட்டை இல்லை. முன்வரிசை நாற்காலியும் இல்லை. தரையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் சரோஜாவின் அம்மா. தறி நெய்கிற குடும்பம். மடியில் முந்தைய நாள் நாங்கள் கொடுத்த கடலைக்காய்.

“கொழகொழன்னு ஆயிருச்சுங்க. ராத்திரியே துண்டுல விரிச்சுக் காய வெச்சுட்டேன். இப்ப நல்லாத்தான் இருக்குது, எடுத்துக்குங்க,” என்று எனக்கே கொடுத்தார்.

“உங்க பொண்ணு ஓடுதுங்களா?”

“ஆமாங்க. இது மூணாவது வருசம். ரெண்டு வருசமும் உழுந்து எந்திரிச்சுதுங்க.”

“உங்களுக்குப் பயமா இல்லைங்களா?”

“நான் பயந்தா அவ நிக்கவா போறா?” என்று சிரித்துவிட்டு ஒரு கடலைக்காயை உடைத்தார்.

வளர்மதி, “தண்ணி குடிச்சுட்டு வாரேம்மா,” என்று எழுந்து போனாள். பானை இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. நான் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் யாரோ வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

மைக்கில் டிரில் மாஸ்டரின் குரல். “காலிபர் அணிந்த சிறுமியர், ஐம்பது மீட்டர். முதல் கோட்டில் ஜலகண்டாபுரம் சரோஜா…” ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவது பிள்ளை வரவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தாமதித்து, “ஆறாவது கோட்டில், நாமக்கல் வளர்மதி,” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கோட்டில் என் மகள் நிற்கிறாள். அரக்குப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகியிருக்கிறாள். கம்பி, தோல் பட்டை, என் வீட்டுக்காரர் அடித்த ரிவெட் எல்லாம் வெயிலில் பளபளக்கின்றன. முகத்தில் நான் அதற்கு முன்பு பார்த்திராத ஒரு கடுகடுப்பு, கணக்குப் போடும்போது வருமே, அது போல.

எழுந்தேன். ஓடினேன். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த துண்டுகளைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு. வாழ்க்கையில் நான் ஓடிய முதல் ஓட்டம் அது.

விழுந்துவிடுவாளே என்று ஓடினேன் என்பது ஒரு பதில். நாலு பேர் கேட்க மைக்கில் ஊர் பெயரோடு பெயர் வந்துவிட்டதே, மாமனார் காதுக்குப் போகுமே என்பது இன்னொரு பதில். என்னைக் கேட்காமல் போய்விட்டாளே என்ற கோபம் மூன்றாவது. மூன்றையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் நடந்தது நடந்தபடி நினைவிருக்கிறது. அவளிடம் போய்ச் சேர்ந்ததும் என் கை முதலில் போனது அவள் கைக்கு இல்லை. செருகியிருந்த பாவாடையை இழுத்துக் கீழே விட்டேன். அப்புறம்தான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

வளர்மதி என் கையைப் பார்த்தாள்.

டம்ளர்

ஓட்டம் நாங்கள் இல்லாமல் நடந்தது. பாதி வழியில் சரோஜா விழுந்தாள். கூட்டம் ‘அச்சச்சோ’ என்றது. நான் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சரோஜா கையை ஊன்றி, பூட்டைப் போட்டு, எழுந்து, கடைசிக்கு முந்தினவளாகப் போய்ச் சேர்ந்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டி, எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள். வளர்மதிக்குத்தான் ஆட்டினாள். இவள் பதிலுக்கு ஆட்டவில்லை. ஒரு கையை நான் இன்னும் விடவில்லை.

எங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தோம். சரோஜாவின் அம்மா மூடியிருந்த உள்ளங்கையை விரித்துத் தட்டினார். கடலைத் தோல் மாவு மாதிரி கொட்டியது.

பத்து நிமிஷத்தில் டிரில் மாஸ்டர் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். “பேர் எழுதிட்டேனுங்கம்மா. ஓடலைன்னாலும் கோட்டுக்கு வந்த எல்லாப் புள்ளைக்கும் உண்டுங்க. வாங்கிக்குங்க.” வளர்மதி கையை நீட்டவே இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் கை நீட்டி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, “கடலைக்காய் எல்லார்த்துக்கும் பத்துச்சா அம்மிணி?”

“பத்துச்சுங்க மாமா.”

“இதென்ன டம்ளரு?”

எனக்கு ஒரு வினாடி போதுமாக இருந்தது. “கடலைக்காய் குடுத்ததுக்கு மரியாதை பண்ணுனாங்க மாமா.”

வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த வளர்மதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள்.

மாமனாருக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து இன்று வரை அவர் அந்த டம்ளரில்தான் மோர் குடிக்கிறார். வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் டம்ளரைக் காட்டி, “சேலத்துல குடுத்த மரியாதைங்க,” என்கிறார். தினம் அதை விளக்குகிறவள் நான்.

பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “உட்டிருக்கலாமில்ல, ஓடிட்டுப் போவுது,” என்றார். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையும் சொல்லிவிடலாம். “நீங்க வந்திருந்தா உட்டிருப்பீங்களா?” என்று கேட்டேன். ஸ்பானரை உருட்டும் சத்தம் மட்டும் வந்தது.

அலமாரித் தாளுக்கு அடியில்

அதற்கு அடுத்த வருஷமும் நோட்டீஸ் வந்தது. அதற்கும் அடுத்த வருஷம் வந்தது. இரண்டையும் அலமாரித் தட்டில் விரிக்கிற தாளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கிழித்துப் போடவும் துணிவில்லை, காட்டவும் துணிவில்லை. பிறகு யோசிப்போம் என்று இருந்தேன். அவளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் நோட்டீஸோடு ஒரு படிவமும் வந்தது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதையும் அதே இடத்தில் வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை நான் தோட்டத்திலிருந்து வந்தபோது மூன்று நோட்டீஸும் மேஜை மேல் வரிசையாக இருந்தன. படிவம் நிரப்பப்பட்டிருந்தது. பெயர், வயது பதினொன்று, போட்டி ஐம்பது மீட்டர். எல்லாம் அவள் கையெழுத்தில், பேனாவில். பெற்றோர் என்ற இடம் மட்டும் காலி. பக்கத்தில் அவள் பள்ளிக்கூடப் பாவாடை மடித்து வைத்திருந்தது. ஓரத்தை நான்கு விரல் அளவு மேலே மடித்து அவளே தைத்திருந்தாள். பச்சைப் பாவாடைக்கு வெள்ளை நூல். தையல் கோணல் மாணலாக, ஆனால் அழுத்தமாக இருந்தது. பிரிக்க நினைத்தாலும் துணி கிழியும்.

வளர்மதி உள்ளே வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியும். தலையைத் தூக்கவில்லை.

“அம்மா, நீயும் வா. அப்பாவை வரச் சொன்னா லாரிம்பாரு. ஆனா எந்திரிக்கக் கூடாது.”

“கீழ உழுந்தா?”

“உழுந்தா உழுவறேன். நீ எந்திரிக்கக் கூடாது.”

“அப்பாரு கிட்ட என்ன சொல்றது?” என்று மாமனாரை நினைத்துக் கேட்டேன்.

“டம்ளர் ஓடறதுக்கு வந்தவங்களுக்குக் குடுத்ததுன்னு சொல்லு,” என்றாள். கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, “நான் வேணா சொல்லட்டுமா?” என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு சரியா தப்பா என்று நாலு நாளாக யோசிக்கிறேன், அது வேறு. மாமனாரிடம் டம்ளர் விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். அதை அவர் கையில் மோர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தைரியமாக இருங்கள் என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது. பிள்ளை ஓடும்போது, அதிலும் விழும்போது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்த தாய்மார்கள் உங்களில் இருப்பீர்கள். எப்படி இருந்தீர்கள்? புடவைத் தலைப்பைக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டீர்களா, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டீர்களா? எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு மடி கடலைக்காய் கொண்டுபோகலாம். அது போதுமா? அந்த ஐம்பது மீட்டர் முடிகிற வரைக்கும் கையை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். போட்டி அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.